மூன்று மணி நாற்பது நிமிடம்

கேள்வி: வீட்டிலிருந்தபடியே தொழில்நுட்பக் கையேடுகளை மொழிபெயர்த்துத் தருகிறேன். சொல்லுக்கு இவ்வளவு என்று கூலி. நான்கு மாதங்களாக ஓர் ஆப்பில், கால் மணிக்கு ஒருமுறை, என்ன செய்தேன் என்று பதிந்து வருகிறேன். வேலை பச்சை, வீடு மஞ்சள், வீண் சிவப்பு. எவ்வளவு முட்டிமோதினாலும் பச்சை நாளுக்கு 3 மணி 40 நிமிடத்தைத் தாண்டவில்லை. என் தோழி தினமும் பத்து மணி நேரம் உழைப்பதாகச் சொல்கிறாள். கணவரோ, "நாள் முழுக்க வீட்டிலதானே இருக்கே, அப்புறம் ஏன் ராத்திரி ஒரு மணிக்கு லேப்டாப்?" என்கிறார். கெடு தவறிக்கொண்டே இருக்கிறது. இப்போதெல்லாம் அந்த ஆப்பைத் திறக்கவே பயமாக இருக்கிறது. எட்டு மணி நேரப் பச்சைக்கு என்ன வழி? இதைவிட நல்ல ஆப் உண்டா? ஒரு வாரப் பதிவை இணைத்திருக்கிறேன். (பெயர் வேண்டாம்.)

பதில் (பணிசார் உளவியல் ஆலோசகர்):

நீங்கள் அனுப்பிய ஒரு வாரப் பதிவை இரண்டு முறை படித்தேன். முதல் முறை உங்களைப் போலவே நானும் பச்சையைத்தான் எண்ணினேன். இரண்டாம் முறைதான் புதன்கிழமையில் கண் நின்றது.

அன்று காலை 9 முதல் 1 வரை 16 கட்டங்கள். அதில் 9 பச்சை. கூட்டினால் இரண்டேகால் மணி நேரம். பரவாயில்லை என்றுதான் தோன்றும். ஆனால் இரண்டு பச்சைக் கட்டங்கள் அடுத்தடுத்து வருவது இரண்டே இடங்களில். மற்றவை எல்லாம் தனித்தனியாகக் கிடக்கின்றன. இடையில் மின்னஞ்சல், துணி துவைக்கும் எந்திரம், மகனின் பள்ளிக்கு ஒரு பதில், மறுபடி மின்னஞ்சல். ஒரே கையேட்டை அந்த நான்கு மணி நேரத்தில் ஏழு முறை தொடங்கியிருக்கிறீர்கள். உங்கள் ஆப் இதை உங்களிடம் சொல்லவே இல்லை, ஏனென்றால் அது கூட்டிக் காட்டுகிறது. பச்சை எவ்வளவு என்று சொல்லும், எத்தனை துண்டு என்று சொல்லாது.

இன்னொன்று. கால் மணிக்கு ஒருமுறை உங்களைக் கூப்பிட்டு "இப்போது என்ன செய்கிறாய்?" என்று கேட்பதும் அதே ஆப்தான். அந்த நான்கு மணி நேரத்தில் 16 முறை. பதிய அரை நிமிடம்தான் ஆகிறது என்பீர்கள். அரை நிமிடம் பெரிதல்ல. பாதி வாக்கியத்தில் இருக்கும் ஒருவரின் தோளைத் தொடுவதுதான் பெரிது. வேலையை முடிக்காமல் இன்னொன்றுக்குத் தாவும்போது மனத்தின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே தங்கிவிடுகிறது என்று சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009-இல் எழுதினார். மொழிபெயர்ப்பாளருக்கு இதை ஆய்வு செய்து நிரூபிக்க வேண்டியதில்லை. வாக்கியத்தின் வினைமுற்றுக்காகக் காத்திருக்கும் நேரத்தில் போன் அடித்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

இனி, உங்களைப் பயமுறுத்துகிற அந்த எண்ணுக்கு வருகிறேன்.

பதிவில் ஒரு வேலை தொடக்கம் முதல் முடிவு வரை முழுதாக இருக்கிறது: 6,000 சொல் கொண்ட எந்திரக் கையேடு. மூன்று நாளில் தருவதாக ஒப்புக்கொண்டீர்கள், ஆறு நாள் ஆனது. நாளுக்கு 3 மணி 40 நிமிடம் என்றால் ஆறு நாளில் 22 மணி நேரம். 22-ஐ ஆறால் வகுத்துப் பாருங்கள். ஆயிரம் சொல்லுக்கு 3 மணி 40 நிமிடம்.

தற்செயல்தான், ஆனால் நல்ல தற்செயல். உங்கள் ஒரு நாள் என்பது ஆயிரம் சொல். அவ்வளவுதான் விஷயம். நீங்கள் ஆயிரம் சொல் கொள்ளும் நாளில் இரண்டாயிரம் சொல்லை வைப்பதாக வாக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். மிச்ச ஆயிரம் ராத்திரி ஒரு மணிக்குப் போகிறது. அங்கேயும் இடம் போதாமல் கெடு தவறுகிறது.

வேகம் குறைவோ என்று சந்தேகப்படாதீர்கள். கணக்குப்படி மணிக்கு 270 சொல்லுக்குக் கொஞ்சம் மேலே வருகிறது. முழுநாளும் இதே தொழிலாக இருப்பவர்கள் நாளுக்கு 2,000 முதல் 2,500 சொல் என்று வைத்துக்கொள்வார்கள். அதை எட்டு மணி நேரத்தால் வகுத்தால் நீங்கள் நிற்கும் இடம்தான் வரும். கை வேகமாகத்தான் ஓடுகிறது. தப்பு, கெடு சொல்கிற வாயில்.

இதில் உங்களைத் தனியாகக் குற்றம் சொல்லவும் முடியாது. 1994-இல் வெளியான ஓர் ஆய்வில், ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த உளவியல் மாணவர்களிடம் எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். ஆனது 55 நாளுக்கு மேல். எல்லாமே கோணலாகப் போனால் எத்தனை நாள் ஆகும் என்றும் கேட்டிருந்தார்கள். அந்தக் கெட்ட கணக்கும் 49 நாளைத் தாண்டவில்லை. மனிதர்கள் மோசமாகப் போகும் நாளைக்கூட நல்லபடியாகத்தான் கற்பனை செய்கிறார்கள். இதற்கு மருந்து இன்னும் கவனமாகக் கற்பனை செய்வது அல்ல, போன வேலைக்கு எவ்வளவு ஆனது என்று திரும்பிப் பார்ப்பது. நேரக் கணக்கு எழுதுவதற்கு நான் ஒப்புக்கொள்ளும் முதல் காரணம் இதுதான். இரண்டாவது காரணம் துண்டுகளைப் பார்ப்பது. மூன்றாவதாக ஒன்று எனக்குத் தெரியவில்லை. "நான் நல்லவளா, சோம்பேறியா?" என்று கேட்டால் நேரக் கணக்கிடம் பதில் கிடையாது. நான்கு மாதமாக நீங்கள் கேட்டுக்கொண்டிருப்பது அந்தக் கேள்வியைத்தான்.

நேரக் கணக்கு எழுதுகிறவர்களுக்கெல்லாம் பாட்டனார் என்று ஒருவரைச் சொல்வார்கள். அலெக்சாந்தர் லியுபிஷெவ், ருஷ்யப் பூச்சியியல் அறிஞர். 1916-இல் தொடங்கி 1972-இல் இறக்கும்வரை, 56 ஆண்டுகள், ஒவ்வொரு நாளும் எதற்கு எவ்வளவு நேரம் போனது என்று குறித்துவைத்தார். படித்தது, எழுதிய கடிதம், வண்டை அடையாளம் கண்டது, எல்லாம். இடையில் எழுந்து போன நேரத்தைக் கழித்துவிட்டு, உட்கார்ந்து செய்ததை மட்டும் எழுதுவார். மாதம் முடிந்தால் கூட்டல், ஆண்டு முடிந்தால் பெரிய கூட்டல். நடுவில் போர்கள் வந்துபோயின, நோட்டு நிற்கவில்லை. இந்தக் கதையைக் கேட்டதும் நிறையப் பேர் நோட்டு வாங்கக் கிளம்பிவிடுகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். அவருடைய பதிவுகளில் தன்னைத் திட்டும் வரிகள் கிடையாது. இன்ன கட்டுரைக்கு இத்தனை மணி என்று வரவு செலவு போலக் கிடக்கும். அதனால்தான் அடுத்த ஆண்டு எதை எடுத்துக்கொள்ளலாம் என்று அவரால் சொல்ல முடிந்தது. அந்தக் குணம் இல்லாமல் பழக்கத்தை மட்டும் கடன் வாங்கினால் கையில் மிஞ்சுவது குற்றப்பத்திரிகை. 56 ஆண்டு எழுதும்படி நான் யாருக்கும் சொல்வதில்லை. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றார்கள், அளந்துகொண்டே கரையில் நில் என்றா சொன்னார்கள்?

தோழியின் பத்து மணி நேரத்தை அவரிடமே விட்டுவிடுங்கள். அவர் பொய் சொல்கிறார் என்று சொல்லவில்லை. அவர் எண்ணியது நாற்காலியில் இருந்த நேரமாக இருக்கலாம். ஜான் ராபின்சன் என்ற சமூகவியலாளர் அமெரிக்காவில் பல்லாண்டுகள் நேர நாட்குறிப்புகளை ஆராய்ந்தவர். வாரம் எத்தனை மணி வேலை செய்கிறீர்கள் என்று கேட்டால் வரும் பதிலையும், அதே ஆட்கள் எழுதிய நாட்குறிப்பையும் ஒப்பிட்டார். அதிக நேரம் உழைப்பதாகச் சொன்னவர்களிடம்தான் இடைவெளி அதிகம்: வாரம் 75 மணி நேரத்துக்கு மேல் என்றவர்கள் ஏறக்குறைய 25 மணி நேரம் கூட்டிச் சொல்லியிருந்தார்கள். நீங்கள் துண்டுதுண்டாக அளந்து எடுத்த எண்ணை, இன்னொருவர் வாயால் சொன்ன எண்ணோடு தராசில் வைக்கிறீர்கள். நிறுக்கவே முடியாது.

சரி, 3 மணி 40 நிமிடம் குறைவுதானா? எதற்குக் குறைவு? 1993-இல் வெளியான, பெர்லின் இசைக் கல்லூரி வயலின் மாணவர்களைப் பற்றிய ஆய்வு பலருக்குத் தெரிந்திருக்கும். அங்கே மிகச் சிறந்தவர்கள் தனியாக உட்கார்ந்து சாதகம் செய்தது நாளுக்குச் சராசரி மூன்றரை மணி நேரம். அவர்களும் தங்கள் நேரத்தை நாட்குறிப்பில்தான் எழுதிக் கொடுத்தார்கள். வயலினும் கையேடும் ஒன்றல்ல என்பது எனக்குத் தெரியும். ஆனால் தலை முழுவதையும் கேட்கிற வேலையை எட்டு மணி நேரம் செய்வேன் என்கிறவரை நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன்.

அதோடு, உங்கள் சிவப்பைப் பாருங்கள். நாளுக்கு ஒன்றரை மணி நேரம் 'வீண்' என்று போட்டிருக்கிறீர்கள். உள்ளே என்ன? கிளையன்ட் மின்னஞ்சல், இன்வாய்ஸ், கோப்பை வேறு வடிவத்துக்கு மாற்றியது. இது எப்படி அம்மா வீண்? இன்வாய்ஸ் அனுப்பாமல் எந்தக் கிளையன்ட் பணம் தருகிறார்? வேலைக்கு வேலை. சொல்லுக்குக் கூலி வாங்குகிறவர்களுக்கு இது ஒரு கண்கட்டு: சொல்லாக மாறாத நேரம் எல்லாம் சோம்பலாகத் தெரியும். அதைச் சேர்த்தால் உங்கள் நாள் 5 மணி 10 நிமிடம். வீட்டு மஞ்சளைச் சேர்த்தால் எவ்வளவு என்று நான் கூட்டவில்லை, நீங்களும் கூட்ட வேண்டாம், எரிச்சல்தான் வரும்.

எந்த ஆப் என்று கேட்டீர்கள். இப்போதைக்கு எதுவும் வேண்டாம். கணினியில் எந்த ஜன்னல் திறந்திருக்கிறது என்று தானாகப் பதியும் ரெஸ்கியூடைம் போன்றவை உண்டு. ஆனால் ஒரு கலைச்சொல்லுக்காக நீங்கள் இருபது நிமிடம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தால் அது உங்களை ஆள் இல்லாத இருக்கை என்று எழுதிவிடும். மணிக் கணக்கில் கூலி வாங்குகிறவர்களுக்கு டாக்கிள், கிளாக்கிஃபை போன்றவை வசதி. உங்களுக்கு ஒரு சின்ன நோட்டும் பேனாவும் போதும். போனில் எவ்வளவு நேரம் போகிறது என்று தெரிய வேண்டுமானால் போனே சொல்லும். 2018-இலிருந்து ஐபோனிலும் ஆண்ட்ராய்டிலும் அந்த வசதி இருக்கிறது.

நோட்டை எப்படி எழுதுவது? கால் மணி கணக்கு வேண்டாம். வேலை மாறும்போது மட்டும் ஒரு வரி: மணி, என்ன தொடங்கினேன். அடுத்த வரி எழுதும்போது முந்தையது முடிந்த நேரம் தானாகத் தெரிந்துவிடும். ஐந்து நிமிடத்துக்கு முழுமைப்படுத்துங்கள், போதும். வரியின் ஓரத்தில் ஒற்றை எழுத்து: நீங்களாக எழுந்து போனால் 'நா', வேறு யாரோ எதுவோ இழுத்தால் 'பி'. இந்த ஓர எழுத்துதான் எனக்கு வேண்டியது. என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் "என்னை வேலை செய்ய விடுவதே இல்லை" என்று தொடங்குவார்கள். பத்து நாள் நோட்டைக் கொண்டுவந்தால் பாதிக்கு மேல் 'நா'வாக இருக்கும். நானும் விலக்கல்ல. பல ஆண்டுகளுக்கு முன் எழுதிப் பார்த்தபோது, ஓர் அறிக்கையின் கடினமான பத்திக்கு வரும் ஒவ்வொரு முறையும் நான் மேஜையைத் துடைக்க எழுந்திருந்தேன். மேஜை அந்த வாரம் பளபளவென்று இருந்தது.

ஒவ்வொரு மொழிபெயர்ப்பு வேலையைத் தொடங்கும் முன்னும் எவ்வளவு ஆகும் என்று நினைக்கிறீர்களோ அதை எழுதிவிடுங்கள். முடிந்ததும் பக்கத்திலேயே ஆனதை எழுதுங்கள். நினைத்தது, ஆனது. முன்கூட்டி எழுதாவிட்டால் பலன் இல்லை. முடிந்த பிறகு "நான் அப்போதே நினைத்தேன்" என்று மனம் திருத்திக்கொள்ளும்.

எழுத மறந்த நேரத்துக்கு ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு மேலே போங்கள். ராத்திரி உட்கார்ந்து நினைவிலிருந்து நிரப்பினால் அது கணக்கு அல்ல, கதை. நான் முதலில் அப்படித்தான் செய்தேன். எல்லா நாளும் அழகாக, ஒரே மாதிரி வந்தது. அதிலேயே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

பத்து வேலை நாள். பதினொன்றாம் நாள் நோட்டை மூடிவிடுங்கள். முதல் இரண்டு மூன்று நாளில் எல்லோருமே கொஞ்சம் ஒழுங்காக நடப்போம், யாரோ பார்ப்பதுபோல. பிறகுதான் உண்மையான நாட்கள் வரும். நடுவில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து ஒரு நாள் முழுக்கக் கெட்டுப்போனால் அதையும் விடாதீர்கள். வாழ்க்கையில் அந்த நாட்களும் வரும், கெடு சொல்லும்போது அவற்றுக்கும் இடம் வேண்டும்.

பத்து நாள் முடிந்ததும் என்ன மாற்றுவது என்பதை நோட்டு சொல்லட்டும். என் ஊகத்தைக் கேட்டால், காலையில் ஒரே ஒரு துண்டை நீளமாக்குவதுதான். 9 முதல் 10:30 வரை மின்னஞ்சல் திறக்காமல், போனை வேறு அறையில் வைத்துவிட்டு. ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஐந்தை ஒரே நேரத்தில் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. பிறகு மறுபடி ஓர் ஐந்து நாள் எழுதிப் பார்த்தால் ஏழு துண்டு நான்காகியிருக்கிறதா என்று தெரிந்துவிடும். நேரம் கூடாமலேயே சொல் கூடினாலும் ஆச்சரியப்பட மாட்டேன். ஆனால் அதை நம்பி இன்றே கெடுவைக் குறைத்துச் சொல்லாதீர்கள். அதுவரை ஆயிரம் சொல்லுக்கு ஒரு நாள், அதன்மேல் ஐந்து நாளுக்கு ஒரு நாள் உபரி. 6,000 சொல் கேட்டால் ஏழு வேலை நாள் என்று சொல்லுங்கள். சில கிளையன்ட்கள் போய்விடுவார்கள் என்று பயப்படுவீர்கள். ஒருவர் இருவர் போகலாம். மூன்று நாள் என்று சொல்லி ஆறாம் நாள் கொடுக்கிறவரைவிட, ஏழு நாள் என்று சொல்லி ஏழாம் நாள் கொடுக்கிறவரை விடாமல் வைத்துக்கொள்கிறவர்களே அதிகம்.

நோட்டில் இன்னொரு லாபமும் உண்டு. கிளையன்டின் பெயரை வேலையோடு எழுதிவைத்தால், ஒரே சொல்விலை தரும் இருவரில் யாருடைய கோப்பு ஆயிரம் சொல்லுக்கு மூன்று மணி தின்கிறது, யாருடையது ஐந்து மணி தின்கிறது என்று வெளிச்சமாகிவிடும். சந்தேகம் கேட்டால் மூன்று நாள் பதில் சொல்லாதவர், மூலத்தைப் பாதியில் மாற்றுகிறவர், இவர்களிடம் விலையை உயர்த்திக் கேட்க உங்களுக்குக் கையில் கணக்கு இருக்கும்.

கணவர் விஷயம். நோட்டை அவர் முன்னால் சாட்சியமாக வீசவேண்டும் என்று ஆசை வரும். வேண்டாம். மைக்கேல் ராஸ், ஃபியோர் சிகோலி என்ற இருவர் 1979-இல் வெளியிட்ட ஆய்வில், கணவன் மனைவி இருவரையும் தனித்தனியாக அழைத்து வீட்டு வேலைகளில் உங்கள் பங்கு எவ்வளவு என்று கேட்டார்கள். இருவர் சொன்னதையும் கூட்டினால் பெரும்பாலும் நூறு சதவீதத்தைத் தாண்டியது. தான் செய்தது நினைவில் பளிச்சென்று இருக்கும், மற்றவர் செய்தது கண்ணில் பட்டிருக்கவே இருக்காது. (மேலே சொன்ன 34 நாள், 55 நாள் ஆய்விலும் இதே ராஸ் இருக்கிறார். மனிதர் தன் கணக்கைத் தானே எப்படித் தப்பாகப் போடுகிறார் என்பதில் அவருக்கு ஓர் ஆர்வம்.) ஆகவே மஞ்சளின் மொத்தத்தைக் காட்டினால் அவர் தன் மஞ்சளைச் சொல்வார், பேச்சு அங்கேயே நின்றுவிடும். 'பி' எழுத்துகளைக் காட்டுங்கள். "ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் இத்தனை முறை எழுந்திருக்கிறேன். இந்த ஒன்றரை மணி நேரம் மட்டும் கதவு சாத்தியிருந்தால் ராத்திரி லேப்டாப் வேண்டாம்" என்று சொல்லிப் பாருங்கள். அவருடைய புகாரும் அந்த ராத்திரி லேப்டாப் பற்றியதுதானே. இருவருக்கும் வேண்டியது ஒன்றே.

தூக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அந்த வாரத்தில் மூன்று இரவுகள் ஐந்தரை மணி நேரத்துக்கும் குறைவு. இது நீடிக்கிற வரை எந்த நோட்டும் உங்கள் காலை ஒன்பது மணியைக் காப்பாற்றாது. கெடுவைத் திருத்தினால் இதுவும் திருந்தும் என்று நினைக்கிறேன். திருந்தாமல், நோட்டை மூடிய பிறகும் கை பதியத் துடித்தால், நாள் முழுக்க ஏதோ தப்புச் செய்துவிட்டதாக நெஞ்சு அடித்துக்கொண்டே இருந்தால், அது நேர மேலாண்மை விஷயம் அல்ல. அருகில் உள்ள ஓர் உளவியலாளரை நேரில் பாருங்கள்.

அந்த ஆப்பை இன்றைக்கே போனிலிருந்து எடுத்துவிடுங்கள். நான்கு மாதப் பதிவைக் கணினியில் இறக்கி ஒரு மூலையில் வைத்துக்கொள்ளலாம், மற்ற வேலைகளுக்கும் ஆயிரம் சொல் கணக்குப் பார்க்க உதவும். பத்து நாள் முடிந்ததும் எனக்கு மறுபடி எழுதுங்கள். பச்சை எவ்வளவு என்று வேண்டாம். காலையில் மிக நீளமான துண்டு எத்தனை நிமிடம், ஆயிரம் சொல்லுக்கு எத்தனை மணி, இரண்டே எண்கள்.